பதினான்கு வயது எப்படிக் கூடியது?

என் கணவர் இங்கிலாந்தின் லங்காஷயர்காரர். அவர்கள் முன்னோர் ஒருவர், யூட்டாவில் குடியேறப் போன மோர்மன் கிறிஸ்தவர்களோடு, கைவண்டி இழுத்தே அமெரிக்காவைக் கடந்தவர் என்று மாமியார் சொல்வார். ஆதாரம் தேடியபோது சிக்கிக்கொண்டேன். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் வயது 30, 1851-இல் 44. வேறு ஆள் என்று ஒரு மாதம் ஒதுக்கியே வைத்திருந்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது: 1841-இல் 15 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 தான் 30 ஆகியிருக்கிறது! 1851 ஏட்டில் பிறந்த ஊரும் இருந்தது. அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-இல் என்பதால், அந்த ஊர் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினேன். 1807, ஞானஸ்நானம். தாயின் பெயரும் பொருந்தியது. சரி, ஆள் கிடைத்துவிட்டார்.

1856 மே மாதம் லிவர்பூலிலிருந்து கிளம்பிய ஹொரைசன் கப்பல் பட்டியலில் வயது 49. அமெரிக்காவில் அயோவா சிட்டியிலிருந்து யூட்டாவை நோக்கிக் கைவண்டியோடு நடை. ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான். எட்டு கிலோகூட இல்லை, போர்வையும் அதற்குள்தான். பாரம் தாங்காமல் வழியில் அந்தப் போர்வைகளையும் எரித்தார்கள். இரண்டே நாளில், அக்டோபர் 19 அன்று, நார்த் பிளாட் ஆற்றின் குளிர்நீரில் இறங்கிக் கடந்தார்கள். அன்றே பனி கொட்டத் தொடங்கியது.

அச்செடுத்த தாளை மாமியாரிடம் கொடுத்தேன். அந்தப் பெயரை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.