கொரியாவில் பண்டிகை விடுமுறைக்கு ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி?

சுசோக் விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சியோலிலிருந்து பூசானுக்கு டிக்கெட் தேடிப் பாருங்கள். காலை முதல் இரவு வரை எல்லா ரயிலும் விற்றுத் தீர்ந்திருக்கும். எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமியில் வரும் சுசோக், சந்திரப் புத்தாண்டான ‘சொல்லால்’ ஆகிய இரண்டுக்கும் கொரியர்கள் குடும்பத்தோடு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் வேலைக்கோ படிப்புக்கோ வந்த நமக்கும் ஓர் இருக்கை வேண்டுமென்றால், வேலையைச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

டிக்கெட்டுக்கும் பெயருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நீண்ட காலம் தங்க வருபவர்கள் 90 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்து வெளிநாட்டவர் அட்டை பெற வேண்டும். அந்த அட்டையைக் காட்டி உங்கள் பெயரிலேயே கைபேசி இணைப்பு வாங்குங்கள். கொரியச் செயலிகள் பெரும்பாலும் கைபேசி எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. சிக்கலும் இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முன்னாலோ பின்னாலோ நிற்கும், அல்லது அந்த இடம் வெறுமையாக இருக்கும். கைபேசிக் கடைக்காரர் வரிசையை மாற்றி எழுதினாலும், ஓர் இடைவெளியை விட்டுவிட்டாலும், பெயர் பொருந்தவில்லை என்று செயலி திருப்பி அனுப்பிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வங்கிக் கணக்கிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

படி 2: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

2026இல் சுசோக் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. முந்தைய நாளும் மறுநாளும் விடுமுறை. சாதாரண நாட்களுக்கான டிக்கெட் ஒரு மாதத்துக்கு முன் காலை 7 மணிக்குத் திறக்கும். பண்டிகை டிக்கெட் அப்படியல்ல. அதற்கெனத் தனி முன்பதிவு நாட்கள் உண்டு. பூசான் செல்லும் கியோங்பு தடத்துக்கு ஒரு நாள், தென்மேற்கே செல்லும் ஹோனாம் தடத்துக்கு வேறொரு நாள் என்று பிரித்துத் திறப்பார்கள். ரயில்வே நிறுவனமான கோரெயிலின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சியோலின் தென்பகுதியில் வசிப்பவர்கள் சுசோ நிலையத்திலிருந்து புறப்படும் அதிவேக ரயில்களையும் பார்ப்பது நல்லது.

படி 3: முன்பதிவுக் காலை

கோரெயில் உறுப்பினராக முன்கூட்டியே சேர்ந்து, உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கையருகே வைத்திருங்கள். உங்களுக்கு ஒத்துவரும் மூன்று ரயில்களின் நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு யோசிக்க அவகாசம் கிடைக்காது. பக்கம் திறந்ததும் வரிசை எண் வரும். பொறுமையிழந்து பக்கத்தைப் புதுப்பித்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

இருக்கை கிடைத்தாலும் வேலை முடியவில்லை. பணம் கட்டத் தனிக் கெடு உண்டு, அது தவறினால் டிக்கெட் ரத்தாகும். இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய அட்டையைக் கொரியச் செயலி ஏற்காமல் போகலாம் என்பதால், உள்ளூர் வங்கி அட்டையைத் தயாராக வைத்திருங்கள்.

படி 4: கிடைக்காவிட்டால்

பிறர் பணம் கட்டாமல் விட்ட இருக்கைகள் கெடு முடிந்ததும் விற்பனைக்குத் திரும்பி வரும். அப்போது மறுபடி தேடுங்கள்.

அடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவது. எல்லோரும் சியோலைவிட்டு வெளியேறும் நாளில் தேஜோனிலிருந்தோ பூசானிலிருந்தோ சியோலுக்கு வாருங்கள். டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும், நகரமும் ஓய்ந்திருக்கும். சுசோக் விடுமுறையில் கியோங்பொக்குங் போன்ற அரண்மனைகளுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு முதல் சுசோக்கைக் கழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பஸ்ஸும் மோசமில்லை. கியோங்பு விரைவுச்சாலையில் பஸ்களுக்கென்று தனித்தடம் இருப்பதால், கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பஸ் முந்திச் செல்லும். சியோல் விரைவுப் பஸ் நிலையத்துக்கு 3, 7, 9 ஆகிய மெட்ரோ தடங்களில் போகலாம். சுசோக் அன்று மட்டும் சாலைப் பயணத்தைத் தவிருங்கள். கல்லறை வழிபாட்டுக்குப் போகிறவர்களும் ஊர் திரும்புகிறவர்களும் சேர்ந்து சாலையை நிரப்பிவிடுவார்கள். பண்டிகை நாட்களில் விரைவுச்சாலைச் சுங்கமும் இல்லை, கேட்க வேண்டுமா!

படி 5: பயண நாள்

ரயில் நிலையத்தில் டிக்கெட்டைக் காட்டி நுழையும் வாயில் இல்லை. நேராக நடைமேடைக்குப் போகலாம். நடைமேடை எண் புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் பலகையில் வரும். எந்த இருக்கை விற்றது என்பது நடத்துநரின் கருவியில் தெரியும் என்பதால், உங்கள் இடத்தில் அமர்ந்திருந்தால் பெரும்பாலும் எதுவும் கேட்கமாட்டார்.

சைவர்கள் சாப்பாட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நிலையத்தில் விற்கும் கிம்பாப்பில் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு) வெளியே தெரியாவிட்டாலும் பன்றி இறைச்சியோ மீனோ இருக்கக்கூடும். சுசோக் அன்று பல உணவகங்கள் மூடியிருக்கும், 24 மணி நேரக் கடைகள்தான் துணை. திட்டம் மாறினால் டிக்கெட்டை உடனே ரத்து செய்யுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.