இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்குப் புது ஷாக் அப்சார்பர் தேவையா? வாங்குவதற்கு முன் அளந்து பார்க்கும் முறை

சென்னையில் கொளத்தூரிலிருந்து பாடி மேம்பாலம் வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் (பின் சக்கரத்தின் இருபுறமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்) போய் வருகிறவன் நான். சிறு வயதில் போலியோ தாக்கிய என் இடது காலின் வேலையை இந்த வண்டிதான் செய்கிறது. சென்ற ஆண்டு ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பில் இடி இறங்கவே, "சார், கேஸ் ஷாக் போட்டுடுங்க, பஞ்சு மாதிரி போகும்" என்று ஒரு மெக்கானிக் சொன்னதை நம்பி, பழையதைவிட விறைப்பான ஒன்றை வாங்கிப் பின்புறம் மாட்டினேன். அன்று மாலையே பாடி மேம்பாலத்தின் வளைவில் வண்டி தொட்டில்போல் ஆடியது. பிறகு பழையதையே திரும்ப மாட்டி, எங்கே தவறினேன் என்று ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் தொல்லைக்குப் பெயர் வையுங்கள்

"வண்டி சரியில்லை" என்பது போதாது. பள்ளத்தில் 'டங்' என்று அடிக்கிறதா, வேகத்தடையைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை குதிக்கிறதா, வளைவில் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். இம்மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எனக்கு இருந்தது முதலாவது. நான் வாங்கிவந்த மருந்து மூன்றாவதையும் கூட்டிவிட்டது.

2. காற்று, புஷ், பேரிங்

நான்கு டயர்களிலும் காலையில், வண்டி ஓடாத நிலையில், காற்றழுத்தத்தைப் பாருங்கள். பஞ்சர் கடைகளில் இணைப்புச் சக்கரங்களுக்கும் பின் சக்கரத்துக்குரிய அளவையே அடித்துவிடுகிறார்கள். இணைப்புச் சக்கரங்களைப் பொருத்தியவர் கொடுத்த தாளில் உள்ள அளவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சொந்தமாக ஒரு சிறிய பிரஷர் கேஜ் வைத்துக்கொள்வது நல்லது. ஷாக் அப்சார்பரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பிறகு இணைப்புச் சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு கைகளால் பிடித்து அசைத்துப் பாருங்கள். 'கடக்' என்று ஆடினால் பேரிங் போயிருக்கிறது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் அதே 'டங்' கேட்கும். இவை சரியாகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. நடுச் சக்கரத்தின் கணக்கு

ஊரார் இதை மூன்று சக்கர வண்டி என்கிறார்கள். ஆனால், பின்னால் நின்று எண்ணினால் பின்புறத்தில் மட்டுமே மூன்று இருக்கின்றன. வினையெல்லாம் அந்த நடுச் சக்கரத்தில்தான். எஞ்சினின் இழுவையும் பின் பிரேக்கும் அதில் இருக்கின்றன. என் வண்டியின் இணைப்புச் சக்கரங்களில் இரண்டுமே கிடையாது. இணைப்புச் சக்கரங்களின் சட்டம் வண்டியின் உடலோடு இறுக்கப்பட்டிருக்கிறது; அச்சக்கரங்களுக்குச் சிறு ஸ்பிரிங்குகள் மட்டுமே உண்டு. நடுச் சக்கரமோ ஷாக் அப்சார்பரின் வழியாக அதே உடலைத் தாங்குகிறது. ஆகவே, பின்புறப் பாரத்தை இம்மூன்றும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை பெரும்பாலும் அந்த ஒற்றை ஷாக் அப்சார்பரே முடிவு செய்கிறது.

அதை விறைப்பாக்கினால், அல்லது பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமானதை மாட்டினால்கூட, உடல் மேலெழும்பி இணைப்புச் சக்கரங்கள் பாரம் இழந்து தரையை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும். வண்டி அப்போது நடுச் சக்கரத்தின் மீது இப்படியும் அப்படியுமாக ஆடும். ஷாக் அப்சார்பர் தளர்ந்து தொய்ந்தால், பாரம் முழுவதும் இணைப்புச் சக்கரங்களுக்குப் போய், நடுச் சக்கரம் மணலிலும் ஈரத்திலும் இருந்த இடத்திலேயே சுழலும், பிரேக் பிடித்தால் சறுக்கும். மெட்ரோ பணிக்காகத் தோண்டி மூடிய சாலையில், இருபுறமும் மேடும் நடுவில் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், நல்ல நிலையில் உள்ள வண்டியே நின்றுவிடும் என்பதை இந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாரத்தை அளக்க இரண்டு வெயிட் மெஷின்கள் போதும். ஒன்று வீட்டில் இருந்தது, மற்றொன்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கினேன். தரை சமமாக இருக்க வேண்டும். அடுக்ககங்களின் வாகன நிறுத்துமிடம் தண்ணீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும் என்பதால், ஒரு கோலிக்குண்டை வைத்து, அது உருளாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். இணைப்புச் சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு மெஷினை வையுங்கள். அடுத்ததுதான் நான் கோட்டைவிட்ட இடம்: மெஷினின் உயரத்துக்குச் சமமான பலகையை முன் சக்கரத்தின் கீழும் நடுச் சக்கரத்தின் கீழும் வைத்தே ஆக வேண்டும். நான் முதல்முறை பலகை வைக்காததால் இணைப்புச் சக்கரங்கள் மட்டும் உயர்ந்து, பாரமெல்லாம் அவற்றின் மேல் விழுந்து, எண்கள் தாறுமாறாக ஏறின. அதைப் பார்த்துவிட்டு, 'இன்னும் விறைப்பான ஷாக் வேண்டும்' என்ற தலைகீழ் முடிவுக்கே வந்துவிட்டேன்.

நாள்தோறும் எப்படி உட்காருவீர்களோ அப்படியே, பையோடும் ஊன்றுகோலோடும் உட்காருங்கள். எண்களை வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும், ஏனெனில் குனிந்தால் எண் மாறிவிடும். கேஸ் ஷாக் இருந்தபோது என் வண்டியில் இடப்பக்கம் 12 கிலோ, வலப்பக்கம் 19 கிலோ. பழையதை மாட்டிய பின் 31, 36. பலமான காலின் பக்கம் நான் சாய்ந்து உட்காருவதால் வலப்பக்கம் எப்போதும் கூடுதலாகவே இருக்கிறது. இந்த எண்கள் என் வண்டிக்கும் என் எடைக்கும் உரியவை. நீங்கள் பார்க்க வேண்டியது, இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றனவா, எதுவும் மிகவும் குறைந்துபோயிருக்கிறதா என்பதைத்தான்.

ஷாக் அப்சார்பரின் அடியில், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் படி வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை. உடல் மட்டுமே உயர்கிறது. எனவே ஒரு படி திருப்பினாலும் மறுபடி எடை பார்க்க வேண்டும்.

4. எண்ணெய் போய்விட்டதா?

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. சீட்டை அழுத்திவிட்டு விட்டால், ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் எண்ணெய்ப் பகுதி செத்துவிட்டது. ஆனால் நம் வண்டியில் இணைப்புச் சக்கரங்கள் அந்தத் துள்ளலை மறைத்துவிடும் என்பதால், நடுச் சக்கரத்தை மட்டும் பலகையில் ஏற்றி, மற்ற இரண்டையும் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும். இருபுறமும் இருவர் பிடித்துக்கொள்ளாமல் இதைச் செய்யவே கூடாது. ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய்க் கசிவின் கறை தெரிந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை. இரண்டிலும் தீர்வு ஒன்றுதான்: அதே அளவில், அதே நிறுவனத்தின் புதிய ஷாக் அப்சார்பர்.

5. முழுத் தூரமும் அமுங்குகிறதா?

முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் டெலஸ்கோப்பிக் வகையாக (ஒரு குழாய்க்குள் மற்றொன்று நுழைந்து அமுங்குவது) இருந்தால், பளபளக்கும் குழாயைச் சுற்றி ஒரு கேபிள் டையை மாட்டி, குழாய் உள்ளே நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை (சீல்) ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, வழக்கமான பாதையில் ஒரு நாள் ஓட்டுங்கள். டை கடைசி எல்லைவரை நகர்ந்திருந்தால் போர்க் அடிதட்டுகிறது. விறைப்பான ஸ்பிரிங்குக்கு அப்போதுதான் நியாயம் உண்டு. பாதித் தூரம்கூட நகராமல் இடுப்பு மட்டும் வலித்தால், இருப்பதே உங்களுக்கு அதிக விறைப்பு; மேலும் விறைப்பானதை மாட்டுவது காசைக் கொடுத்து வலியை வாங்குவதாகும்.

6. வாங்குவதானால்

புதிய உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் வாங்குங்கள், பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பல பாகங்களை நானே வாங்கியிருக்கிறேன், ஆனால் பழைய ஷாக் அப்சார்பரை மட்டும் வாங்க மாட்டேன். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை உள்ள நீளத்தைக் கடையிலேயே டேப்பால் ஒப்பிடுங்கள். கேஸ் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம்: உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு, எண்ணெய் சூடாகி நுரைக்காமல் பார்த்துக்கொள்கிறது, நகருக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற நமக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

இணைப்புச் சக்கரச் சட்டத்தை வெட்டி, வெல்டிங் வைத்து அகலத்தையோ உயரத்தையோ மாற்றுவது வேறு விஷயம். ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்று) பதிவான விவரங்களோடு முரண்படும் மாற்றங்களை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படி ஏதாவது செய்வதானால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என் வண்டியின் 'டங்'குக்குக் காரணம் கடைசியில் எஞ்சின் புஷ்ஷும், இணைப்புச் சக்கரங்களில் தொய்ந்துபோன சிறு ஸ்பிரிங்குகளும்தான். இரண்டையும் மாற்றியதற்கு ஆன செலவு, கேஸ் ஷாக்கின் விலையில் பாதிகூட இல்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர் கேட்டவற்றையும் சேர்க்கிறேன். தண்டுவடப் பாதிப்பினால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர், தமக்கு அதிர்வு தெரிவதே இல்லையே, எப்படிச் சோதிப்பது என்றார். அவர் 1ஆம் படியை விட்டுவிட்டு அளவுகளை மட்டும் நம்ப வேண்டும். வலி தெரியாத உடம்பில் அழுத்தப் புண் சத்தமில்லாமல் வரும் என்பதால், ஷாக் அப்சார்பருக்கு முன்பாக நல்ல சீட் மெத்தைக்குச் செலவிடுவதே முறை. மற்றொருவருக்கு, எடைகள் இரு பக்கமும் ஒத்திருந்தும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டியதில் ஒரு பக்கப் பேரிங் துருவேறி இறுகியிருந்தது. தண்ணீரில் ஓட்டிய ஒவ்வொரு முறையும், இணைப்புச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் அந்த வாரமே பேரிங்கை மாற்றிவிடுங்கள்.