பினாங்கில் நல்ல சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவுக்குப் போகிறேன் என்று சொல்கிற எல்லோரும் அடுத்துக் கேட்பது, "நல்ல ஹோட்டல் பேரா நாலு சொல்லுங்க." பேர் கொடுத்துப் பிரயோஜனமில்லை. அந்தத் தீவின் பேர்போன சாப்பாடு பெரும்பாலும் ஹோட்டலில் கிடைப்பதில்லை. ஒரே ஒரு பண்டத்தைப் பல வருடமாகப் போட்டுவரும் அங்காடிக் கடையில்தான் கிடைக்கிறது. அந்தக் கடை காலையில் இருக்கும், மதியம் காணாமல் போய்விடும். இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகுதான் தள்ளுவண்டியே வந்து நிற்கும். எந்தப் பண்டம், எந்த நேரம், எந்த வண்டி என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அதற்கு நான் பின்பற்றுகிற முறை இது.

விமானம், சிம் கார்டு பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. கூகுள் மேப் உள்ள போனும் சில்லறையாக ரிங்கிட்டும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கடிகாரத்தை மட்டும் மறக்காமல் இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவிடுங்கள். பசி இந்திய நேரத்துக்குத்தான் வரும், கடைகள் மலேசிய நேரத்துக்கு மூடிவிடும்.

படி 1: தங்குமிடம்

சாப்பாடுதான் முக்கியம் என்றால் தீவின் முக்கிய ஊரான ஜார்ஜ் டவுனில் தங்குங்கள். பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பகுதி அழகுதான், ஆனால் அங்கிருந்து ஒவ்வொரு வேளைக்கும் 101ஆம் எண் பஸ்ஸிலோ செயலியில் அழைக்கும் கிராப் காரிலோ ஊருக்குள் வந்து போக வேண்டும். சூலியா தெரு, கிம்பர்லி தெரு, லெபோ கேம்ப்பெல் பக்கம் அறை எடுத்தால் மூன்று வேளையும் நடந்தே முடித்துவிடலாம்.

படி 2: பண்டங்களின் பட்டியல்

கடைப் பேர்களை எழுதாதீர்கள். பண்டங்களை எழுதி, பக்கத்தில் வேளையைக் குறியுங்கள். என் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும். காலையில் ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), கறி மீ (கறிச் சாற்றில் நூடுல்ஸ்), காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய டோஸ்ட்டோடு கோப்பி (காப்பி). மதியம் நாசி கண்டார் (சோறும் கலந்த குழம்புகளும்), அசாம் லக்சா (புளிப்பு மீன் சாற்றில் நூடுல்ஸ்), வெயில் ஏறியதும் செண்டோல் (தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த ஐஸ் இனிப்பு). இரவில் சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்), ஹொக்கியன் மீ, சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி). ரொட்டி சானாய், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் டீ) எல்லாம் சேர்ந்த மலேசியக் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை 2024இல் யுனெஸ்கோவே தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. விடுதியில் ரொட்டியும் ஜாமும் இலவசம் என்று அந்த வேளையை வீணாக்காதீர்கள்.

பண்டத்தை ஓரளவு தெரிந்துகொண்டு போவது நல்லது. பினாங்கில் ஹொக்கியன் மீ என்றால் இறால் தலையை வேகவைத்து எடுத்த சாற்றில் நூடுல்ஸ். கோலாலம்பூரில் அதே பேரில் கறுப்பாக வறுத்துத் தருவார்கள். அசாம் லக்சாவில் தேங்காய்ப்பால் கிடையாது. மீனை வேகவைத்து உதிர்த்து, நம் குடம்புளிக்கு உறவான ஒரு புளியைப் போட்டு, மேலே கறுப்பு இறால் விழுதை ஊற்றுகிறார்கள். சீனக் கடைக் கறி மீயில் உறையவைத்த பன்றி ரத்தத் துண்டுகள் மிதக்கலாம். சார் குவே தியாவைப் பன்றிக் கொழுப்பில் வறுப்பதும் சகஜம். சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், தட்டு வந்தபிறகு திகைக்க வேண்டாமே என்றுதான் சொல்கிறேன்.

படி 3: மேப்பில் தேடுவது

"பெஸ்ட் ரெஸ்டாரண்ட்" என்று ஆங்கிலத்தில் தேடினால் ஏசி கஃபேக்கள்தான் வரிசையாக வரும். பண்டத்தின் பெயரையே தேடுங்கள். இல்லையென்றால் உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் சொற்களைப் போடுங்கள்: காப்பிக் கடைக்குக் கெடாய் கோப்பி, பல அங்காடிகள் ஒரே கூரையில் இருக்கும் இடத்துக்கு மேடான் செலெரா.

நட்சத்திர எண்ணிக்கையில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. 4.8, 4.9 என்று இருந்து விமர்சனமும் குறைவாக இருந்தால் நகர்ந்துவிடுவேன். 3.9 முதல் 4.3 வரை, விமர்சனம் ஆயிரத்துக்கு மேல் என்றால் நின்று பார்ப்பேன். உள்ளூர்க்காரர்கள் நட்சத்திரத்தைக் கஞ்சத்தனமாகத்தான் கொடுப்பார்கள். "ருசி பரவாயில்லை, ஆன்ட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை, 3 நட்சத்திரம்" என்று எழுதியிருந்தால் எனக்கு அது சிபாரிசுக் கடிதம். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள். எழுதியவரின் பெயரைத் தட்டி, அவர் மற்ற விமர்சனங்களையும் இந்தத் தீவிலேயே எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி 2022 டிசம்பரிலிருந்து பினாங்குக்கும் வருகிறது. அதில் நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான பிப் குர்மோ என்ற பிரிவில் தெருக்கடைகளும் இருக்கின்றன. எந்தப் பண்டத்தைச் சாப்பிடலாம் என்று யோசிக்க நல்ல பட்டியல். அதிலிருக்கும் கடைக்கே போகத்தான் வேண்டுமா என்றால், வெயிலில் வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

படி 4: திறந்திருக்குமா என்று பார்ப்பது (அவசரப்படாமல் படியுங்கள்)

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். எனக்கும் இது பிடிபடக் கொஞ்சம் காலம் ஆயிற்று.

பினாங்கில் கோப்பிதியாம் (சீனக் காப்பிக் கடை) என்பது ஒரு கூரை. கட்டடமும் மேசை நாற்காலியும் பானமும் ஒரு முதலாளியுடையவை. உள்ளே நிற்கும் வண்டிகள் ஒவ்வொன்றும் வேறு ஆளுடையது, வாடகைக்கு நிற்பவை. மேப்பில் "காலை 7 முதல் இரவு 11" என்று போட்டிருந்தால் அது கூரையின் நேரம். நீங்கள் தேடி வந்த கறி மீ வண்டி காலை 10 மணிக்கே துடைத்துவிட்டுக் கிளம்பியிருக்கும், மாலையில் அதே இடத்தில் வேறு ஒருவர் சாத்தே சுட்டுக்கொண்டிருப்பார். கடை திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறார், புகை வருகிறது, உங்கள் கறி மீ மட்டும் இல்லை.

இதற்கு மூன்று சோதனை வைத்திருக்கிறேன்.

முதலாவது, மேப்பில் கடைப் பக்கத்தைக் கீழே தள்ளினால் எந்த மணிக்குக் கூட்டம் என்று காட்டும் பட்டைகள் வரும். அறிவித்த நேரத்தைவிட அதை நம்பலாம். நாள் முழுக்கத் திறந்திருப்பதாகப் போட்டுவிட்டு, பட்டைகள் 8 முதல் 11 வரைக்கும்தான் உயர்ந்திருந்தால், அந்தப் பண்டம் காலையோடு சரி.

இரண்டாவது, உங்கள் பண்டம் இருக்கும் படங்களைத் திறந்து வெளிச்சத்தைப் பாருங்கள். எல்லாப் படத்திலும் குழல்விளக்கும் இருட்டுத் தெருவும் என்றால் அது இரவு வண்டி. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

மூன்றாவது, விடுமுறை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வண்டி வராது, அது எந்த நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேப்பில் அது சரியாக இருப்பது அபூர்வம். ஃபேஸ்புக்கில் கடைப் பேரைப் போட்டுத் தேடினால் கடைசிப் பதிவில் கிடைக்கும். மலாயில் சூத்தி என்றால் விடுமுறை, தூத்துப் என்றால் மூடியிருக்கிறது. சீனத்தில் எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பை அழுத்துங்கள்.

காலண்டரையும் ஒரு தடவை புரட்டுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிப் பல சீனக் கடைகள் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல மூடித் திறக்கும். ரமலானில் முஸ்லிம் கடைகளில் பகல் சாப்பாடு சிரமம். ஆனால் மாலையில் ரமலான் சந்தைகள் கூடும், அதைப் பார்ப்பதற்காகவே அந்த மாதம் போகலாம்.

படி 5: இடத்தில் போய் நின்று பார்ப்பது

லோரோங் பாரு மாதிரி இரவு அங்காடித் தெருவுக்குப் போனால் உடனே உட்காராதீர்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நடை நடந்துவிடுங்கள்.

வரிசையைப் பார்க்கும்போது நீளத்தைப் பார்க்காதீர்கள், யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று பார்சல் வாங்கிப் போகிறவர்கள் வந்துகொண்டே இருந்தால் அது உள்ளூர்க்காரர்களின் கடை. அடுத்து வாணலி. சார் குவே தியாவை ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டு என்று வறுத்தால்தான் நெருப்பின் வாசம் ஏறும். ஐந்து தட்டை ஒன்றாகக் கொட்டிக் கிண்டுகிறவரிடம் வரிசை வேகமாக நகரும், பண்டம் சவசவ என்று இருக்கும். நெருப்புக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் கடைக்காரரேதான் என்பதையும் கவனிப்பீர்கள். அங்காடிகளில் உள்ளூர்ப் பண்டங்களை வெளிநாட்டு ஊழியர் சமைக்கக் கூடாது என்று 2016 முதல் மாநில அரசு தடை வைத்திருக்கிறது.

கடலோர அங்காடி இடமான கர்னி டிரைவ் பற்றிக் கேட்பீர்கள். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், குழந்தைகளோடு போனால் வசதி. ருசிக்காக என்றால் நான் போகமாட்டேன்.

கிராப் டிரைவரிடம் "நல்ல கடை எது" என்று கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் பேரைத்தான் சொல்வார். "நேத்து ராத்திரி நீங்க எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும், இறங்குகிற வரைக்கும் பேச்சும் ஓயாது.

படி 6: உட்காருவது

முதலில் மேசையைப் பிடியுங்கள், அதன் எண்ணை நினைவில் வையுங்கள். வண்டிக்குப் போய்ப் பண்டத்தையும் மேசை எண்ணையும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். தட்டு வரும்போது காசு. ஒரே மேசைக்கு நான்கு வண்டியிலிருந்து வரவழைக்கலாம். பானம் மட்டும் கூரை முதலாளியுடையது, அவர் ஆளே வந்து கேட்பார். தலைக்கு ஒரு பானமாவது சொல்லிவிடுங்கள், அவர் பிழைப்பு அதில்தான். கோப்பி என்றால் கெட்டிப் பால் ஊற்றி இனிப்பாக வரும். கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு, கோப்பி ஓ கோசோங் என்றால் சர்க்கரையும் இல்லாமல்.

படி 7: நாசி கண்டார் வரிசை

இதற்கு மேசை எண் கிடையாது. வரிசையில் நின்று, சோறு வாங்கி, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் காட்டி வாங்க வேண்டும். இது தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த தொழில், கடையநல்லூர்ப் பக்கத்து வேர்கள் நிறைய. லெபோ கேம்ப்பெல்லில் உள்ள ஹமீதியா 1907இல் தொடங்கியது. பல கடைகளில் "அண்ணே, இது என்ன குழம்பு?" என்று தமிழிலேயே கேட்கலாம்.

அப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பெரிய இறால், கணவாய், மீன் சினை எல்லாவற்றுக்கும் எடுப்பதற்கு முன்னால் விலை கேளுங்கள். விலைப்பலகையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்தது குழம்பு. நாலைந்து குழம்பைக் கலந்து சோற்றில் ஊற்றுவதுதான் இந்தச் சாப்பாட்டின் உயிர். அந்தக் கலவையில் மாட்டுக்கறிக் குழம்பும் இருக்கலாம். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கோழி மட்டும் கேட்டால் போதாது. "மாட்டுக் குழம்பு ஊத்தாதீங்க, கோழிக் குழம்பு மட்டும் போதும்" என்று கரண்டி எழும்புவதற்குள் சொல்லிவிடுங்கள். கரண்டி வேகமானது.

பிற்சேர்க்கை 1

"கார்டு எடுப்பார்களா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தெருவண்டிகளில் எதிர்பார்க்காதீர்கள். கியூஆர் அட்டை பல வண்டிகளில் தொங்குகிறது. ஆனால் உங்கள் செயலி அதோடு பேசுமா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் 5, 10 ரிங்கிட் நோட்டுகளைத்தான் நம்புகிறேன். கிராப் செயலியில் ஒரு கடையின் பட்டியலைத் திறந்தால் சுமாரான விலை தெரியும். டெலிவரி விலை என்பதால் நேரில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பிற்சேர்க்கை 2: சைவம்

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள், நியாயம்தான். லிட்டில் இந்தியாவில், குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றி, சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பினாங்கு வரை போய் மூன்று வேளையும் சாம்பாரா? சீனச் சைவக் கடைகளைத் தேடுங்கள். புத்த வழக்கப்படி பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். தட்டில் வேண்டியதை நீங்களே எடுத்துப்போட்டுக் காட்டினால் விலை சொல்வார்கள். கோழி, ஆடு என்று எழுதியிருப்பவை சோயாவிலோ கோதுமைப் புரதத்திலோ செய்தவை. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற இடங்களில் கவனம் தேவை. கீரை வறுவலிலும் சம்பால் என்ற மிளகாய்த் துவையலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். ரொட்டி சானாய்க்குத் தரும் பருப்பில் மீன் குழம்பையோ கோழிக் குழம்பையோ கலந்து ஊற்றுவது வழக்கம், பருப்பு மட்டும் தனியாகக் கேளுங்கள். காயாவில் முட்டை உண்டு.

சீன நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம், அன்றைக்குச் சைவக் கடைகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒன்பதாம் மாதத்தின் முதல் 9 நாட்கள் ஒன்பது பேரரசக் கடவுளர் திருவிழா, பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அப்போது தெருவெங்கும் சைவக் கடைகள் புதிதாக முளைக்கும். மஞ்சள் கொடி கட்டிய வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். மற்ற மாதங்களில் பெரும்பாலும் இறால் சாற்றில் வரும் ஹொக்கியன் மீகூட அந்த நாட்களில் சைவமாகக் கிடைக்கும்.