தாரா-புல்கா காட்டுக்குப் போறவங்க வழக்கமா பண்ற தப்புகள்

ஆஸ்திரேலியால விக்டோரியா மாநிலத்துல, ஸ்ட்ரெலெக்கி மலைமேல இருக்கு தாரா-புல்கா நேஷனல் பார்க். வர்றவங்க நிறைய பேர் காரிகன் தொங்குபாலத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு அரை மணி நேரத்துல கிளம்பிடறாங்க, அதுதான் முதல் தப்பு. பார்க் சின்னதுதான், சுமார் 2,000 ஹெக்டேர், ஆனா இந்த மலை முழுக்க இருந்த பெருங்காட்ட 19ஆம் நூற்றாண்டு கடைசில விவசாயத்துக்காக வெட்டி எரிச்சதுல தப்பிச்ச துண்டு இது, 1904ல வெறும் 20 ஹெக்டேர்ல ஆரம்பிச்சுதான் இவ்வளவாவது காப்பாத்தியிருக்காங்க. நிதானமா நடந்து பாருங்க.

அடுத்தது, மரத்துல பேர் செதுக்கறது. தயவுசெஞ்சு வேணாம். ஓடையோரமா பாசி படிஞ்சு நிக்கற மர்ட்டில் பீச் மரத்துக்கு ஒரு பூஞ்சை நோய் இருக்கு, அது பட்டையில இருக்கிற காயம் வழியாத்தான் உள்ள நுழையுது, நுழைஞ்சா மரம் செத்துடும், வேர் வழியா பக்கத்து மரத்துக்கும் போகும். நீங்க கீறின ஒரு எழுத்து போதும் அதுக்கு. பாதைய விட்டு இறங்கி வேர மிதிக்காதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான், ஷூவுல பழைய சேறு இருந்தா வீட்டுலயே கழுவிட்டு வாங்க, வேற காட்டு மண்ணோட நோயும் வந்து சேரும்.

"யூக்கலிப்டஸ்தானே, எரிஞ்சாலும் திரும்பத் துளிர்க்கும்"னு சொல்றத நிறைய கேக்கலாம். இங்க அது தப்பு. இங்க இருக்கிற மவுண்டன் ஆஷ்ங்கற யூக்கலிப்டஸ், பூக்கிற மரங்கள்ல உலகத்துலயே ரொம்ப உயரமானதுங்கள்ல ஒண்ணு, ஆனா பெரிய தீ வந்தா பெரும்பாலும் செத்துடும், விதைய மட்டும் சாம்பல்ல உதிர்த்துட்டுப் போகும். அந்தக் கன்னு வளந்து விதை வைக்க சுமார் 20 வருஷம் ஆகும், அதுக்குள்ள இன்னொரு தீ வந்தா அந்த இடத்துல அந்த மரமே இல்லாம போயிடும். ஈரமான மழைக்காடு சுலபமா தீப்பிடிக்காது, பிடிச்சுன்னா மீள்றது ரொம்ப கஷ்டம். அதனால சிகரெட் துண்டு விஷயத்துல எனக்கு கொஞ்சம்கூட பொறுமை கிடையாது.

லைர்பேர்ட் பறவைய வரவைக்க போன்ல அதோட குரல போடாதீங்க, எதிரி ஆண் வந்துட்டான்னு நெனச்சு அது பாட்டையும் இடத்தையும் விட்டு அலையும். குளிர்காலத்துல, ஜூன் ஜூலைல காலைல போய் சும்மா நின்னாலே கேக்க வாய்ப்பு அதிகம். ரோசெல்லா கிளிங்க பக்கத்துல வந்தாலும் பிரெட் போடக்கூடாது. நாய வீட்டுலயே விட்டுடுங்க.

பலமா காத்து அடிக்கிற நாள்ல மட்டும் போகாதீங்க, அவ்வளவு உயரத்துல இருந்து கிளை முறிஞ்சு விழும்.