வளைவுல வேகன் தடம் இறங்கினதை சரி பண்ணினது: என் அனுபவம்

நாங்க வாலண்டியர்ஸ் சேர்ந்து மீட்டெடுக்குற பழைய நேரோ கேஜ் (குறுகிய பாதை) ரயில் லைன்ல ஒரே ஒரு வளைவுல மட்டும் வேகன் தடம் இறங்கிட்டே இருந்துச்சு, எல்லாரும் சக்கரத்தைத்தான் சந்தேகப்பட்டாங்க. கேஜை, அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலத்தை, அளந்து பார்த்தா 610 மிமீ இருக்கவேண்டிய இடத்துல 630 கிட்ட காட்டுது. வெளிப்பக்க தண்டவாளத்தை சக்கரம் தள்ளித் தள்ளி ஸ்லீப்பர்ல (தண்டவாளத்துக்கு அடியில இருக்குற மரக்கட்டை) ஆணி ஓட்டையெல்லாம் பெருசாகி, கையால இழுத்தாலே ஆணி வந்துடுது!

எல்லா ஸ்லீப்பரையும் மாத்த காசு ஏது? உளுத்ததை மட்டும் மாத்திட்டு, மத்ததுல ஓட்டையைச் சுரண்டி, வைரம் பாஞ்ச மரத்துல ஆப்பு செதுக்கி இறுக்கமா அடிச்சோம். அப்புறம் ரெண்டு பேர் கடப்பாரை போட்டு தண்டவாளத்தை உள்பக்கமா நெம்ப, ஒருத்தர் அளவு பார்க்க, இன்னொருத்தர் ஆணி அடிக்கணும். அதுக்கு முன்னாடி ஆப்புல சின்னதா துளை போட்டுக்குங்க, இல்லேன்னா பிளந்துடும், இது ரொம்ப முக்கியம். வளைவுல கொஞ்சம் கூடுதல் அகலம் வேணும்ங்கறதால 615-ல நிறுத்தினோம். கடைசியா ஸ்லீப்பர் அடில ஜல்லியை நல்லா இடிச்சு இறுக்கினோம்.

1951-ல பிரிட்டன்ல வேல்ஸ் பகுதியில டாலிலின்ங்கற பழைய நேரோ கேஜ் ரயில்வேயை எடுத்து ஓட்டின வாலண்டியர்ஸுக்கும் பெரிய தலைவலி தேஞ்சுபோன தண்டவாளம்தான்.

இப்ப லோடு ஏத்தின வேகனே அந்த வளைவுல சுத்தமா போயிட்டு வருது, மழைக்காலம் முடிஞ்சதும் மறுபடி அளந்து பார்க்கணும்.