பெட்டைக்கோழி முதல் முட்டை வைக்கும் நேரம்: என்னென்ன செய்யணும்?

நாலரை மாதம் ஆனதுமே தினமும் கூட்டுக்குள் கைவிட்டுத் தேட ஆரம்பித்துவிடுவோம். பொறுங்கள். முட்டைக்கென்றே வளர்க்கும் இனங்கள் 18 முதல் 22 வாரத்தில் தொடங்கும், உடல் கனத்த இனங்கள் 28 வாரம்கூட எடுத்துக்கொள்ளும். அதனால் நாளை எண்ணுவதை விட்டுவிட்டுக் கோழியைப் பாருங்கள்.

முதலில் கொண்டை. வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் பெருத்து நல்ல சிவப்பாகிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் முதுகில் கை வையுங்கள். ஓடாமல், இறக்கையை லேசாக விரித்து அப்படியே தரையோடு பதுங்கினால் முட்டை நெருங்கிவிட்டது. இன்னும் சந்தேகமா? கோழியைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, பின்துவாரத்தின் இரண்டு பக்கமும் தட்டுப்படும் கூரான எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். விடலையில் ஒரு விரல் அகலம் இருந்த இடைவெளி இப்போது இரண்டு மூன்று விரல் ஆகியிருக்கும்.

கொண்டை சிவக்கும் முன்பே முட்டைப் பெட்டி தயாராக இருக்கட்டும். 30 செ.மீ. நீளம், அகலம், உயரம் போதும், நான்கைந்து கோழிக்கு ஒன்று. இருட்டான மூலையில், அவை அடையும் கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் ராத்திரி பெட்டியிலேயே படுத்து எச்சமாக்கிவிடும். உள்ளே வைக்கோல், அதன்மேல் இடும் இடம் இதுதான் என்று கோழிக்குக் காட்ட ஒரு மரமுட்டை. முட்டைக்குக் கேறிக்கொண்டே உள்ளே போய், ஒவ்வொரு வைக்கோலாக அலகால் முதுகுப்பக்கம் எடுத்துப் போட்டுவிட்டு, எழுந்து வெளியே வந்து, திரும்பவும் போகும். அந்த நேரத்தில் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்.

தீவனத்தில்தான் கவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம், வளரும் கோழித் தீவனத்தில் 1 சதவீதம் அளவுதான். முட்டை சீக்கிரம் வரட்டுமே என்று இளங்கோழிக்கு முட்டைக்கோழித் தீவனத்தைப் போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும், முட்டையும் ஒரு நாள்கூட முந்தி வராது. 18 வாரம் ஆனபின், அல்லது முதல் முட்டையைப் பார்த்தபின் மாற்றுங்கள். கூடவே கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

முதல் முட்டைகள் பொடிசாக இருக்கும். தோல்முட்டை வரும், கருவே இல்லாமல் வரும், இரட்டைக் கருவும் வரும், ஓட்டில் ஒரு கீற்று ரத்தம்கூட இருக்கலாம். சில வாரத்தில் சரியாகிவிடும். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம், அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகிறது, ஆகவே நேரம் தள்ளித் தள்ளிப் போய் இடையில் ஒருநாள் விடுவது இயல்பு. ஆனால் வாலைத் தொங்கவிட்டு, உடம்பை உப்பிக்கொண்டு, முக்கி முக்கி நின்றால் முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய 20 நிமிடம் உட்காரவைத்துப் பார்த்து, அதற்கும் வரவில்லை என்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சூடாக எடுக்கும் முட்டை ஈரமாக மினுங்கும், கையிலேயே அது காய்ந்துவிடும். கிருமி உள்ளே போகாமல் காப்பது அந்தப் படலம்தான், எடுத்துவைக்கும் முட்டையைக் கழுவ வேண்டாம்.