இணையப் படங்கள்: எந்த வடிவம், எவ்வளவு சுருக்கம்?

இணையதளத்துக்காக ஒரு படத்தைச் சேமிக்கும் முன், அது ஒளிப்படமா அல்லது எழுத்தும் கோடும் நிறைந்த வரைபடமா என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஜேபெக் (JPEG) வடிவம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுவதால், முகங்களுக்கும் இயற்கைக் காட்சிகளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் உள்ள ஸ்கிரீன்ஷாட்டை அதே வடிவத்தில் சேமித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், எழுத்தோரங்களில் மங்கலான புள்ளிகள் சிதறியிருப்பதையும் சிவப்பு வெளியே கசிந்திருப்பதையும் காணலாம். நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கும் 4:2:0 அமைப்பே இந்தக் கசிவுக்கு முக்கியக் காரணம். நிறத் தகவலைக் குறைக்காமல் வைத்திருக்கும் 4:4:4 அமைப்புக்கு மாற்றினால் அது குறையும். எனினும் இத்தகைய படங்களுக்கு, தகவலை இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி (PNG) வடிவமே சரியான தேர்வு. லோகோவுக்கு, படத்தைப் பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் எஸ்விஜி (SVG) போதும்.

ஒளிப்படங்களை ஜேபெக்காகச் சேமிக்கும்போது தேர்வுசெய்யும் தர அளவை (quality) 75 முதல் 85 வரை வைத்துத் தொடங்கலாம். 100 என்று வைப்பது பெரும்பாலும் கோப்பைப் பெருக்க மட்டுமே உதவும். இந்த எண்ணின் பொருள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுபடுவதால், இறுதி முடிவைக் கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டும்.

சுருக்கத்தைவிட அளவு மாற்றமே அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து: 4000 பிக்சல் அகலப் படத்தை அதே விகிதத்தில் 1600 ஆக்கினாலே மொத்தப் பிக்சல்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும்.

ஜேபெக்குக்கும் பிஎன்ஜிக்கும் மாற்றான வெப்பி (WebP) வடிவத்தை ஆப்பிளின் உலாவியான சஃபாரியும் 2020 முதல் ஏற்பதால், அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது தரம் குறைந்துகொண்டே போகும் என்பதால், மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே புதிய பிரதியை உருவாக்குங்கள்.